முதுகுக்கு வீசம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்து ராஜ்ஜியத்துக்காரர்கள், "எங்கள் ஊர்க் கதையை எப்படி இன்னொரு ஊர் பேரில் சொல்லலாம்?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதன் ராஜா இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோட்டையைப் பிடித்தார். படையில் முதல் ஆளாக மதில்மேல் ஏறியவர் அவர்தான். அன்று முதல் தம்மை 'மதிலேறிய மகாராஜா' என்றுதான் அழைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சமையல்காரன்கூட அந்தப் பட்டத்தை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் குழம்பு ஊற்றுவான். அதற்குள் குழம்பு ஆறிவிடும்.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார். மழை பெய்கிறது என்றால் நனைந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். போரில் அடிபட்ட வீரர்களுக்கு மானியம் கொடுக்கும் பேச்சு வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்: "காயம் கண்ணுக்குத் தெரிந்தால் மானியம். தெரியாவிட்டால் இல்லை."

உடனே தழும்புச் சாவடி என்று ஒரு கட்டடம் எழும்பியது. அதற்குத் தலைவராக விசுவேசராயர் என்பவர் வந்து அமர்ந்தார். போர்க்களத்தைச் சித்திரத்தில் மட்டும் பார்த்தவர் அவர். ஒரு நூலை வைத்துத் தழும்பின் நீளத்தை அளப்பார். ஒரு சாண் இருந்தால் கால் ஊனம், இரண்டு சாண் இருந்தால் அரை ஊனம், கையோ காலோ போயிருந்தால் முக்கால் ஊனம் என்று ஓலையில் எழுதுவார். முழு ஊனம் வேண்டுமானால் ஏறக்குறைய செத்திருக்க வேண்டும். அரைக்குக் கீழே உள்ளவர்கள் அடுத்த படையெடுப்பில் மூட்டை சுமக்கப் போக வேண்டும் என்பது சட்டம்.

சாவடிக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கையாலும் தரையைத் தொட்டு, ராயரை வணங்கிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இந்த வழக்கத்தில்தான் பேச்சிமுத்து மாட்டிக்கொண்டான்.

ஒருநாள் காலையில் அரண்மனை விகடகவி கும்பலிங்கம் வாசலுக்கு வந்தபோது, நடைபாதையின் குறுக்கே ஓர் ஆள் பலகைபோல மல்லாந்து கிடந்தான். காவலன் ஈட்டியை ஆட்டி அதட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் கையை ஊன்றிக் காவலனை அதைவிடப் பலமாக அதட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, இங்கே வந்து படுத்திருக்கிறீர்?" என்று கேட்டார் கும்பலிங்கம்.

"படுக்கலய்யா. விழுந்தேன். நின்னா முதுகுல ஈட்டியச் சொருகுற மாதிரி இருக்கு. உக்காந்தா அந்த ஈட்டியத் திருகுற மாதிரி இருக்கு. மல்லாந்தா மட்டும் சொருகுனவன் கொஞ்சம் ஓய்வெடுக்கான்" என்றான் பேச்சிமுத்து.

அவன் மனைவி உடையாள் கதையைச் சொன்னாள். கோட்டைச் சண்டையில் அவள் புருஷனின் முதுகு போய்விட்டது. முதல் தடவை சாவடிக்குப் போனபோது, வழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தரையைத் தொட்டிருக்கிறான். நிமிர்வதற்கு அரை நாழிகை ஆகியிருக்கிறது. அதற்குள் ராயர் எழுதிவிட்டார்: "முதுகு நன்றாக வளைகிறது. வீசம் ஊனம்." வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு.

"ரெண்டாந்தடவ, குனிஞ்சாத்தான வம்புன்னு இவுக நேரா நின்னாக. திமிர் புடிச்சவன்னு வெளிய தள்ளிட்டாக. மூணாந்தடவ நான் கூடப் போயி, இவுகளுக்குப் பதிலா நான் குனியுதேன் சாமின்னு குனிஞ்சேன். அதுக்கு என்ன எழுதுனாக தெரியுமா? பொஞ்சாதி முதுகு நல்லா இருக்கு, ஒரு குடும்பத்துக்கு ஒரு முதுகு போதும்னு எழுதுனாக! அந்தக் கை வெளங்குமா?" என்றாள் உடையாள்.

கும்பலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அடுத்த மாதம் படை கிளம்புகிறது என்பதும், வீசம் ஊனக்காரன் தோளில் நாலு மரக்கால் அரிசி மூட்டை ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். பேச்சிமுத்து முதல் மைல்கல்லைத் தாண்ட மாட்டான்.

அன்றைக்கே சபையில் பேச்சை எடுத்தார். விசுவேசராயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏற்கெனவே அவருக்குக் கும்பலிங்கத்தைக் கண்டால் ஆகாது. ராஜா தம்முடைய அறிக்கையைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறார், இந்த ஆள் தும்மினாலும் சிரிக்கிறார் என்று பல நாள் எரிச்சல்.

"மகாராஜா, அந்த ஆளின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. மேலும், முதுகில் அடிபட்டேன் என்று சொல்வதே வீரனுக்கு அழகா? நெஞ்சில் பட்டால் புண், முதுகில் பட்டால் ஓட்டம். இதைச் சின்னப் பிள்ளையும் அறியும்" என்றார்.

"அவன் ஓடவில்லை, ராயரே. குனிந்து நின்றான். மகாராஜா மதிலேறிய அன்று, மதிலடியில் நின்ற முதுகு அவனுடையதுதான். அதில் கால் வைத்துத்தான் மகாராஜா ஏறினார். அவருக்குப் பின்னால் தளபதிகள் பதின்மூன்று பேர் ஏறினார்கள்" என்றார் கும்பலிங்கம்.

சபையில் எல்லாரும் புலவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மதிலேறிய கதையைப் புலவர்கள் நாற்பது பாட்டில் பாடியிருந்தார்கள். ஒரு பாட்டிலும் இந்த முதுகு வரவில்லை. ராஜா தாடியைச் சொறிந்தார்.

ராயர் ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டார். "அப்படியானால் இன்னும் எளிது. அவனை எதிரி அடிக்கவில்லை. எதிரி அடிக்காதது போர்க்காயம் ஆகாது. அவன் முதுகில் பட்டது மகாராஜாவின் திருவடி. திருவடி பட்டால் ஊனம் வருமா? பாக்கியம் அல்லவா வரும்! உண்மையில் அவன்தான் நமக்குக் கப்பம் கட்ட வேண்டும்" என்றார்.

ராஜாவின் முகம் மலர்ந்தது. கும்பலிங்கமும் தலையை ஆட்டி ரசித்தார். "ஆகா, அருமையான தீர்ப்பு! மகாராஜாவும் தளபதிகளும் மிதித்தால் முதுகுக்குத் தீங்கில்லை, பாக்கியமே என்று ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள். அந்த முட்டாளிடம் காட்டி வாயை அடைக்கிறேன்" என்றார்.

ராயர் மகிழ்ச்சியோடு எழுதி முத்திரை வைத்தார். வைத்த கையோடு ஒரு பொறியும் வைத்தார். "மகாராஜா, விகடகவி இவ்வளவு தூரம் பரிந்து பேசுவதால் ஒரு வாய்ப்புக் கொடுப்போம். அந்த வலியை அவர் இந்தச் சபைக்குக் கொண்டுவந்து, மகாராஜாவின் கண்ணுக்குக் காட்டட்டும். காட்டினால் முழு ஊனம். காட்டாவிட்டால் அந்த ஆளின் மூட்டையை விகடகவியே சுமந்துகொண்டு படையோடு போகட்டும்" என்றார்.

"வலியைக் கண்ணால் பார்ப்பதா? இதுவரை பார்த்ததே இல்லையே!" என்று ராஜா கை தட்டினார். "எட்டு நாள் தந்தோம். கொண்டு வா!"

எட்டாம் நாள் சபையில் எள் போட இடமில்லை. விகடகவி மூட்டை தூக்குவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பேச்சிமுத்துவை ஒரு கட்டிலோடு தூக்கி வந்து ஓரமாக வைத்திருந்தார்கள். உடையாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கும்பலிங்கம் வெறும் கையோடு வந்தார்.

"வலி எங்கே?" என்றார் ராஜா.

"மகாராஜா, அவனுடைய வலியை எடுத்து வரத்தான் பார்த்தேன். இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறதாம், இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. ஆகவே புதிதாக ஒன்று இங்கேயே செய்து காட்டலாம் என்று உத்தேசம். மகாராஜா அன்று அணிந்த இரும்புக் கவசத்தையும் இரும்புக் காலணியையும் அணிய வேண்டும். அந்தப் பதின்மூன்று தளபதிகளும் அணிய வேண்டும். மதிலேறிய காட்சியை இந்தச் சபையில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை."

ராஜாவுக்குப் பேரானந்தம். கவசம் வந்தது. இரண்டு வருஷ வெற்றியில் அவருடைய வயிறு நன்றாக விளைந்திருந்ததால், அதைப் பூட்ட நாலு பேர் தேவைப்பட்டார்கள். சிம்மாசன மேடையை மதிலாக வைத்துக்கொண்டார்கள்.

"இப்போது குனிந்து நிற்க ஒரு முதுகு வேண்டும்" என்றார் கும்பலிங்கம். "இது பாக்கியம் என்று ராயரே முத்திரை வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய பாக்கியத்தை வழியில் போகிறவனுக்குக் கொடுத்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? ராயரே, வாருங்கள்!"

ராயருக்கு வேர்த்தது. மாட்டேன் என்றால் மகாராஜாவின் திருவடி தீங்கு செய்யும் என்று ஆகிவிடும். முத்திரை வேறு கிடக்கிறது. அங்குமிங்கும் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. மெல்ல வந்து மேடையடியில் கையை ஊன்றிக் குனிந்தார்.

ராஜா 'வெற்றிவேல்!' என்று முழங்கிக்கொண்டு ஏறினார். இரும்புக் காலணி முதுகில் பதிந்ததும் ராயரிடமிருந்து, மிதிபட்ட தவளையிடமிருந்து வருவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"பாக்கியம் எப்படி இருக்கிறது, ராயரே?"

"பா... பாக்கியம்... பரம... பாக்கியம்..."

இரண்டாவதாகப் படைத்தலைவர் ஏறினார். ராயரின் முழங்கை மடங்கியது. மூன்றாவதாக யானைப்படைத் தலைவர் வந்தார். அவரைச் சுமந்த யானைகளே இரண்டு ஓய்வு பெற்றிருந்தன. அவர் காலைத் தூக்கியதுதான் தாமதம், ராயர் தரையோடு தரையாக விழுந்து, "ஐயோ, இடுப்பு போச்சே! வலி உயிர் போகுதே!" என்று அலறினார்.

கும்பலிங்கம் மடியிலிருந்து ஒரு நூலை எடுத்து ராயரின் முதுகை நிதானமாக அளந்தார். "வலியா? ஒரு கீறல் இல்லையே. தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். எதிரி யாராவது அடித்தானா? அதுவும் இல்லை. எழுந்து மகாராஜாவை வணங்குங்கள், பார்ப்போம்."

"முடியவில்லையே, ஐயா!"

"முடியவில்லையா, திமிரா?"

ராயர் அழுதே விட்டார். மேடையிலிருந்த ராஜா எட்டிப் பார்த்தார். வேர்வை, கண்ணீர், இழுத்துக்கொண்ட வாய் எல்லாவற்றையும் வெகுநேரம் பார்த்தார்.

"மகாராஜா, பார்த்தீர்களா?" என்றார் கும்பலிங்கம்.

"பார்த்தேன். இதுதான் வலியா?"

"இது இரண்டு பேர் மிதித்த வலி. அங்கே கட்டிலில் இருப்பது பதினான்கு பேர் மிதித்தது. அவன் கடைசி ஆள் ஏறும்வரை விழவில்லை."

ராஜா கட்டில் பக்கம் திரும்பினார். "நான் ஏறியபோது கீழேயிருந்து ஒரு சத்தமும் கேட்ட ஞாபகம் இல்லையே. நீ ஏன் கத்தவில்லை?"

"கத்துனா மதில் மேல இருக்குற எதிரிக்குத் தெரிஞ்சிரும்லா, மகாராஜா. மொதல்ல ஏறுனது நீங்க. மொத அம்பு ஒங்க மேலதான வரும்?" என்றான் பேச்சிமுத்து.

ராஜா தம் இரும்புக் காலணியைப் பார்த்தார். உடையாள் மூக்கை உறிஞ்சினாள்.

"ராயரே, தொழில் தெரிந்தவர் நீர்தான். இரண்டு பேர் மிதித்த முதுகுக்கு எவ்வளவு ஊனம் போடலாம்?" என்று கேட்டார் கும்பலிங்கம்.

"முழு! முழு ஊனம்!" என்று தரையிலிருந்து கத்தினார் ராயர்.

"இரண்டு பேருக்கு ஒரு முழு. அப்படியானால் பதினான்கு பேருக்கு ஏழு முழு. ஆனால் ஏழு முதுகுக்குப் பேச்சிமுத்து எங்கே போவான்? ஒரு முழு போதும், மகாராஜா."

ராஜா சிரித்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கவசத்தின் பூட்டு ஒன்று தெறித்துப் போகும் அளவுக்குச் சிரித்தார். பிறகு, பேச்சிமுத்துவுக்கு முழு ஊனம் என்று தம் கையாலேயே எழுதினார். சாவடிக்குள் வருகிறவர்கள் இனிக் குனிய வேண்டாம், படுத்துக்கொண்டும் பேசலாம் என்று அதன் கீழே சேர்த்தார். ராயரைப் பார்த்தபோது, "இவருக்கு வீசம்" என்று எழுதி மறுபடி சிரித்தார்.

"கும்பலிங்கம், உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"பத்து ஏணி வேண்டும், மகாராஜா. நல்ல உயரமாக."

"ஏணியா? உனக்கு எதற்கு?"

"எனக்கு இல்லை. அடுத்த மாதம் படை கிளம்புகிறதே, அங்கேயும் மதில் இருக்குமே. போன தடவை ஏணி வண்டி இரண்டு நாள் பிந்தியது. மகாராஜா காத்திருக்க விரும்பவில்லை. இந்தத் தடவையும் ஏணி வேண்டாம் என்றால், யார் முதுகு என்று இப்போதே இந்தச் சபையில் கேட்டு முடிவு செய்துவிடலாம்."

ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். மந்திரிகள், தளபதிகள், புலவர்கள் எல்லாரும் முதுகைச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கும்பலிங்கத்துக்குப் போட்டார். தச்சர்களை அழைத்துவரச் சொன்னார்.

பத்து ஏணி செய்ய நாற்பது நாள் ஆகும் என்றார்கள் தச்சர்கள். நாற்பது நாளும் படை காத்திருந்தது. மதிலேறிய மகாராஜாவும் காத்திருந்தார்.