வட்டத்துக்குள் நான்கு புள்ளிகள்

வயதில் சிறியவரிடம் பாடம் கேட்பதில் ஒரு சங்கடமும் இல்லை. அவர் முன்னால் ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சங்கடம். டாக்டர் சங்கரநயினாருக்கு அது நாற்பத்தாறாவது வயதில் வாய்த்தது.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, அரசு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கு இடம் வாங்கி, தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் அவர் சேர்ந்திருந்தார். அங்கே அவருக்கு ஆசிரியை டாக்டர் நஸ்ரின். பத்து வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். நஸ்ரின் அதிகம் பேசமாட்டார். சந்தேகம் என்று யாராவது வந்தால், எழுந்து போய் ஏதாவது ஒரு தட்டை எடுத்துவந்து மேஜையில் வைப்பார். அதுதான் பதில்.

அன்று காலை சங்கரநயினார் ஒரு சந்தேகத்தோடு வந்தார்.

“மேடம், மருந்துக்குச் சாகிற கிருமி, மருந்து பட்டுப் பட்டு, சாகாத கிருமியா மாறிடும் இல்லையா?”

நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தார். “யாரோட கிருமி சார்?”

“சும்மா, பொதுவாத்தான் கேட்டேன்.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை தானாகப் போய்ச் சொன்ன கதைதான். ஆஸ்பத்திரி முழுக்க அந்த வாரம் ஒரே ஒரு கிருமியைப் பற்றித்தான் பேச்சு.

பேச்சித்தாய் என்று ஒரு பெண். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகு புண்ணில் சீழ் வைத்துவிட்டது. அந்தச் சீழ் பரிசோதனைக்கு வந்தபோது தட்டைப் பார்த்தவர் சங்கரநயினார்.

பார்ப்பது என்றால் இதுதான். தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, மருந்தில் ஊறிய சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைத்துவிடுவார்கள். மறுநாள் கிருமி தட்டை மூடி வளர்ந்திருக்கும். எந்த வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழுந்திருக்கிறதோ அந்த மருந்து கேட்கும். வட்டம் விழாவிட்டால் கேட்காது.

பேச்சித்தாயின் தட்டில் நல்ல பெரிய வட்டம் ஒன்று விழுந்திருந்தது. அதற்குள் நான்கு புள்ளிகள். கடுகைவிடச் சிறியவை.

வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் அதைத் தனியாகக் கிள்ளி எடுத்து வளர்த்து, மறுபடி மருந்து வைத்துப் பார்க்க வேண்டும். இதை அவர் எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கே அழுத்தம் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று சனிக்கிழமை மதியம். மறுபடி பார்ப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். சங்கரன்கோவில் பஸ்ஸோ காத்திருக்காது. வெளியிலிருந்து விழுந்த தூசிக் கிருமி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மருந்து கேட்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

மருந்து கேட்கவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறி, பேச்சித்தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இரண்டாவது தடவை வந்த ரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கு அந்த மருந்து தண்ணீர் மாதிரி. வட்டமே விழவில்லை. வேறு மருந்து ஏற்றி, அவள் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

யாரால் இப்படி ஆனது என்று வார்டில் கேள்வி வந்தது. கேள்வி வந்தால் கைக்குக் கிடைக்கிற ஆளைத்தானே பிடிப்பார்கள்? புஷ்பலீலா சிஸ்டர் கிடைத்தாள். ஒப்பந்த வேலைக்காரி. அந்த ஞாயிற்றுக்கிழமை வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்திதான். பேச்சித்தாய்க்குப் போடவேண்டிய ஓர் ஊசி மூன்று மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவளே சொன்னாள். ஊசி தவறியதால் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று முடிவுகட்டி, வியாழக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை வைத்தார்கள். வியாழன் சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அதோடு நின்றிருந்தால்கூட சங்கரநயினார் எப்படியோ தூங்கியிருப்பார்.

புஷ்பலீலா மாடிப்படியில் அவரை நிறுத்திக் கேட்டாள். “சார், நீங்க கிருமியப் படிச்சவங்க. ஒரு ஊசி பிந்திப் போனா கிருமி அப்படி மாறிருமா?”

அவர், “மாற வாய்ப்பு இருக்கு சிஸ்டர்” என்றார்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்போ நான்தான்” என்றாள். அவர் ஏதோ வேலை இருப்பதுபோல மேலே ஏறி வந்துவிட்டார்.

இப்போது நஸ்ரின் முன்னால் நின்றுகொண்டு பொதுவாகக் கேட்கிறாராம்.

“பேச்சித்தாயோட முதல் சாம்பிள், அந்தச் சீழ், ஃப்ரிட்ஜ்ல இருக்கும்” என்றார் நஸ்ரின். “எடுத்துட்டு வாங்க சார்.”

சங்கரநயினார் பேச்சித்தாய் பெயரையே எடுக்கவில்லை. எடுத்து வந்து கொடுத்தார். நஸ்ரின் அதிலிருந்து ஒரு துளியை நன்றாக நீர்த்து, மருந்தே கலக்காத தட்டு ஒன்றில் பரப்பி வைத்தார்.

மறுநாள் அந்தத் தட்டில் கிருமிகள் தனித்தனிப் பொட்டுகளாக முளைத்திருந்தன. நஸ்ரின் ஒரு மரக்கட்டையை எடுத்தார். அதன் தலையில் சிவப்பு வெல்வெட் துணி இழுத்துக் கட்டியிருந்தது. ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த துணி. கல்யாண நகைப்பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே, அதே துணி.

“இதை அந்தத் தட்டுமேல வச்சு மெதுவா அமுக்குங்க.”

அமுக்கினார். வெல்வெட்டின் மயிர்நுனிகளில் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பிறகு, பத்திர ஆபீசில் முத்திரை குத்துகிற மாதிரி, மருந்து கலந்த தட்டு ஒன்றில் ஒரு குத்து, இன்னொன்றில் ஒரு குத்து. தட்டுகள் திரும்பிவிடாதபடி ஓரத்தில் அடையாளம் வைத்தார்கள்.

“இதுல என்ன தெரியும் மேடம்?”

“நாளைக்கு வாங்க.”

நாளைக்கு என்பது வியாழக்கிழமை. அன்று மதியம் சாப்பிடாமலே வந்தார். நஸ்ரின் மருந்துத் தட்டு இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். நூற்றுக்கணக்கான பொட்டுகளில் மருந்தைத் தாண்டி முளைத்தவை மூன்றுதான். இரண்டு தட்டிலும் மூன்று. இரண்டு தட்டிலும் அதே மூன்று இடம்.

மருந்து பட்ட பிறகு மாறியிருந்தால், இந்தத் தட்டில் ஓரிடத்திலும் அந்தத் தட்டில் வேறிடத்திலும் அல்லவா முளைத்திருக்கும்?

நஸ்ரின் முதல் தட்டை, மருந்தே பார்க்காத தட்டை, பக்கத்தில் நகர்த்தினார். சங்கரநயினார் அடையாளத்தைப் பொருத்தி அதே மூன்று இடங்களைப் பார்த்தார். மூன்று பொட்டுகள் இருந்தன. சுற்றி இருந்தவற்றைவிடச் சற்றுச் சிறியவை. அந்தக் கிருமிகள் யாரும் ஊசி போடுவதற்கு முன்பே, யாரும் ஊசி தவறுவதற்கு முன்பே, மாறித்தான் இருந்தன. சனிக்கிழமை வட்டத்துக்குள் கிடந்து அவரைப் பார்த்தவை அவைதான்.

காது மடல் சுட்டது. இருந்தாலும் மனிதர் லேசில் விழுவாரா?

“மேடம், பக்கத்துப் படுக்கைக்காரர் கிருமிகிட்ட இருந்து மருந்தைத் தாங்குற ஜீன் இதுக்கு வந்திருக்கலாம் இல்லையா? கிருமிகள்தான் ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்குமே.”

“கொடுத்துக்கும்.”

“அப்படின்னா…”

“எப்படிக் கொடுக்கும்? நீங்கதான் பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லுவீங்களே. சொல்லுங்க.”

பழக்கப்பட்ட பாடம். அவர் மூச்சு கொஞ்சம் சீரானது. “பக்கத்துல இருக்கிற கிருமிய நூல் மாதிரி ஒண்ணு நீட்டித் தொடும். தொட்டு இழுத்து ஒட்டிக்கிட்டு, ஜீனை அனுப்பும். வீட்டுக்கு வீடு உறைமோர் கொடுக்கிற மாதிரின்னு சொல்லுவேன்.”

“கொடுத்த கிருமிகிட்ட அப்புறம் அது இருக்காதா?”

“இருக்கும் மேடம். அது நகல் எடுத்துத்தான் கொடுக்கும். வாங்கினதுகிட்டயும் இருக்கும். கொடுத்ததுகிட்டயும்…”

மாடிப்படி கண்ணில் வந்து நின்றது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்ததும், இவர் மேலே ஏறி வந்ததும். பழியை அவளிடம் கொடுத்தும் அது இவரிடமே இருந்தது.

தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “வட்டத்துக்குள்ள புள்ளி இருந்தது மேடம். நாலு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் எழுதினேன்.”

நஸ்ரின் மருந்துத் தட்டு இரண்டையும் மூடினார்.

“அந்த சிஸ்டர் வந்து கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை மேடம். பயம். இந்த வயசுல படிக்க வந்து, பேர் கெட்டுப்போயிடுமோன்னு பயம். அதுதான் என்னை அப்படிப் பேச வச்சிட்டு.”

நஸ்ரின் முதல் தட்டின் மூடியைத் தொட்டார்.

“இந்தத் தட்டுல மருந்து இருந்ததா சார்?”

சங்கரநயினார் தலை குனிந்தது. பயம் வருவதற்கு முன்பே, பஸ்ஸுக்குக் கிளம்பிய சனிக்கிழமையே, அவர் அப்படிப்பட்ட ஆளாகத்தான் இருந்தார். “இல்லை மேடம்.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நஸ்ரின் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். ‘நீங்களே வந்து சொல்லுங்கள் மேடம்’ என்று கேட்க சங்கரநயினாருக்கு வாய்வரை வந்தது. விழுங்கினார். மூன்று தட்டுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

விசாரணை அறையில் எல்லாவற்றையும் சொன்னார். சனிக்கிழமை பஸ்ஸைக்கூட மறைக்கவில்லை. மாடிப்படியில் சொன்னதையும் சொன்னார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், “யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க டாக்டர்” என்றார். நர்சுக்கு மட்டும் சறுக்கக் கூடாது போலிருக்கிறது. அந்த ஆறுதல் அவருக்கு வசவைவிடக் கேவலமாக இருந்தது. “விடக் கூடாது சார். என் பேர்லயே எழுதிக்குங்க” என்றார். எழுதிக்கொண்டார்கள். அவர்மேல் நடவடிக்கை வரும், சிஸ்டர் வேலையில் தொடரலாம் என்று முடிந்தது.

புஷ்பலீலா வராந்தாவில் நின்றிருந்தாள். அவள் அழுவாள், அல்லது நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தார் போல. நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியதாயிற்று.

“எனக்குச் சோறு எறங்கல சார்” என்றாள். “அந்த அக்கா பிள்ளைங்க மொகத்தப் பாக்க முடியாம, பின்வாசல் வழியாத்தான் டூட்டிக்கு வந்தேன். படியில வச்சே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“தப்புதான் சிஸ்டர்.”

“ஆமா சார்” என்றாள் அவள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஊசி போடுகிற நேரம் ஆகிவிட்டது என்று போய்விட்டாள்.

அவர் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது நஸ்ரின் வெல்வெட் துணியைக் கட்டையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டேன் மேடம்.”

“ம்.”

“சொல்லிட்டா இறங்கிடும்னு நினைச்சேன். இறங்கல.”

நஸ்ரின் துணியை மடித்து வேகவைக்கிற டப்பாவுக்குள் போட்டார். சங்கரநயினார் தட்டுகளை மேஜையில் வைத்தார். மருந்தில்லாத தட்டில் அந்த மூன்று சின்னப் பொட்டுகளும் அப்படியே இருந்தன.

“மேடம், ஒரு சந்தேகம். மாறிப்போன கிருமி, மருந்தை நிறுத்திட்டா இல்லாமப் போயிடுமா?”

“யாரோட கிருமி சார்?”

அவர் தட்டை மூடிவிட்டுச் சொன்னார். “என்னோடதுதான்.”

நஸ்ரின் அவரை நேராகப் பார்த்தார்.

“போகாது சார்” என்றார். “மாறாத மத்ததுதான் அதைவிட அதிகமா வளரணும்.”