கத்தி இல்லாத கட்

ஒரகடம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனி. அங்கே சீனாவிலிருந்து வந்த இன்ஜினியர் ஃபெங்குக்கு மேனேஜர் திருஞானம்தான் இங்கிலீஷ் வாத்தியார். "கட் என்றால் கத்தியால் வெட்டுவது, வேறு அர்த்தமே கிடையாது" என்று நோட்டில் எழுத வைத்திருந்தார்.

ஒருநாள் விளக்குகள் அணைந்ததும், தரை துடைக்கும் வேம்பரசி "கரண்ட் கட்!" என்று கத்தினாள். பாவம் ஃபெங், கரண்ட் திரும்பி வந்தும் மெஷினை ஓட விடாமல், வெட்டுப்பட்ட ஒயரைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்தார். வேலை நின்றது.

மேனேஜர் வேம்பரசியிடம் குதித்தார். "எல்லாம் உன் ஓட்டை இங்கிலீஷால வந்தது! உன் பொங்கல் லீவு கட்!"

வேம்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே பேசுகிற வார்த்தைக்கு அவள் லீவா பலி?

"லீவை எதால சார் வெட்டுவீங்க? கத்தியக் காட்டுங்க! வெட்டின துண்டையும் காட்டுங்க, பொங்கலன்னிக்கே வேலைக்கு வரேன்!"

ஃபெங் பக்கம் திரும்பி விரல்களைக் கத்தரிபோல் ஆட்டினாள். "சார், லீவ் கட்! நைஃப் எங்கே?"

ஃபெங் மேனேஜரின் வெறுங்கையைப் பார்த்தார். நோட்டில் பழைய அர்த்தத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, தன் இங்கிலீஷில் உரக்கப் படித்தார்: "கட். கத்தி வேண்டாம். மேனேஜர் வாய் போதும்."

ஷிஃப்டே சிரித்தது. லீவு துண்டாகாமல், முழுசாக வேம்பரசியோடு ஊருக்குப் போனது.