வற்றக் காய்ச்சிய கலர்

"திரிஞ்சு போச்சு டீச்சர்," என்றாள் சண்முகவடிவு. கிண்ணத்தை அவள் மேசைமேல் வைத்த வேகத்தில் கரண்டி துள்ளிக் கீழே விழுந்தது.

கோவில்பட்டியில் மாடி அறையில் கேக் வகுப்பு நடத்தும் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். வெண்ணெய் ஒரு பக்கம் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஊதாத் தண்ணீர் ஒரு பக்கம் நின்றது.

ஜெசிந்தா வயதில் சின்னவள். வடிவுக்கு அவள் டீச்சர். அவளுக்கு வடிவு அக்கா.

"க்ரீம்ல என்ன ஊத்தினீங்க அக்கா?"

"திராட்சைக் கலர். கடையில வாங்கிக் குடிப்போமே, அந்தச் சோடா. ஒரு பாட்டில் முழுசா."

"அப்படியேவா?"

"பின்னே? கலர் ருசி வேணும்னா கலரைத்தானே ஊத்தணும். கேஸ் போயிரக் கூடாதுன்னு மூடியைத் திறந்த கையோட ஊத்தினேன். நாக்குல சுர்ருன்னு ஏறுமே, அது வேணும்."

ஜெசிந்தா கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"இது ரெண்டாவது கிண்ணம் டீச்சர். வெண்ணெய் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். கேக்கை நேத்தே சுட்டு வச்சுட்டேன். சாயங்காலம் அது அங்க இருக்கணும்."

"எங்க?"

"என் தம்பி வீட்டுல. சங்கரவேலுக்கு ஆபீசுல பெரிய பதவி குடுத்திருக்காக. வீட்டுல விருந்து. அவன் மக போன் போட்டா. 'அத்தை, அப்பாவுக்குக் கலர்னா உயிரு, அந்த ருசியில க்ரீம் போட்டு ஒரு கேக் செஞ்சுட்டு வா'ன்னா. ஆபீஸ் ஆளுக பூரா வாராகளாம்."

"நல்ல விஷயம்தானே அக்கா."

"அந்த அக்காவை விடுங்க டீச்சர். காலையில இருந்து அதைக் கேட்டாலே எரியுது."

"வேற எப்படிக் கூப்பிட?"

வடிவு கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

ஜெசிந்தா அடுப்பில் அடிகனமான சட்டியை வைத்தாள். இன்னொரு பாட்டில் கலரைத் திறந்து ஊற்றினாள். நுரை பொங்கி அடங்கியது. தீயைச் சிறிதாக்கினாள்.

"ஐயோ, காய்ச்சினா கேஸ் எல்லாம் போயிருமே."

"போகட்டும்."

"கேஸ் போனா அதுல என்ன மிஞ்சும்? சர்க்கரைத் தண்ணி."

"பாப்போம்."

வடிவு தீயைக் கூட்டினாள். ஜெசிந்தா குறைத்தாள். வடிவு மறுபடியும் கூட்டினாள். ஜெசிந்தா மறுபடியும் குறைத்துவிட்டு, அடுப்புக்கும் வடிவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"தம்பி மேல என்ன கோபம்?"

"கோபம்னு யாரு சொன்னா?"

"ரெண்டு கிண்ணம் வெண்ணெய் சொல்லுது."

வடிவு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். கூடப் பிறந்தவளை நேர்ல வந்து கூப்பிடணுமா இல்லையா? போன்ல கூப்பிடுதான். வெத்தலை பாக்கைப் போன்லயா வச்சுக் குடுப்பான்?"

ஜெசிந்தா சட்டிக்குள் பார்த்தாள்.

"இன்னும் நிறைய இருக்கு. சொல்லுங்க."

"என் மக சடங்குக்குத் தாய்மாமன்னு சீர் கொண்டுவந்தான். சரி. பந்தியில உக்காரலை. கை நனைக்காமக் கிளம்பிட்டான். அவன் பொண்டாட்டிக்கு எங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்காதாம். எங்க குழாயில வாரதும் தாமிரபரணி, அவ குழாயில வாரதும் தாமிரபரணி."

"பாதிக்கு வந்திருக்கு. சொல்லுங்க."

"எனக்கு எழுதி அனுப்ப வராது. வாட்ஸப்புல பேசி அனுப்புதேன். மனசுல உள்ளதை எல்லாம் பேசுதேன். அவன் கட்டைவிரலை அனுப்புதான். கேக்காமலே அனுப்புதான் டீச்சர். போன வாரம் வேணும்னே, 'டேய், நான் செத்துப் போயிட்டேன்டா'ன்னு பேசி அனுப்பினேன். அதுக்கும் கட்டைவிரல்."

ஜெசிந்தா திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை. கால் பங்குதான் இருக்கு. அடி பிடிக்கும், கிண்டுங்க."

வடிவு கரண்டியை வாங்கிக் கிண்டினாள். ஊதா நிறம் கறுத்துக்கொண்டு வந்தது. சின்னக் குமிழ்கள் போய், பெரிய குமிழ்கள் மெதுவாக எழுந்தன.

"எழுத வராதுன்னா, பள்ளிக்கூடம் போகலையா?"

"அஞ்சாப்போட நின்னுட்டேன். அவன் கைக்குழந்தை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகணும். யாராவது அவனைத் தூக்கி வச்சிருக்கணும்ல."

"ம்."

"அதை நான் சொல்லிக்காட்டினதே இல்லை. இப்பவும் சொல்லலை. நீங்க கேட்டீக."

"ம்."

வடிவு கிண்டுவதை நிறுத்தினாள்.

"பொங்கல் கழிச்சு அவன் ஆபீசுக்குப் போனேன். முறுக்குச் சுட்டு எடுத்துக்கிட்டு. அவனைச் சுத்தி ஆளுக இருந்தாக. ஒருத்தரு என்னைப் பாத்துட்டு, 'இவங்க யாரு?'ன்னு கேட்டாரு."

சட்டியில் ஒரு குமிழ் எழுந்து உடைந்தது.

"'ஊர்க்காரங்க'ன்னான்."

ஜெசிந்தா கரண்டியை வாங்கிக் கிண்டினாள்.

"ஊர்க்காரங்களாம். 'ஊர்ல இருந்து வந்திருக்காங்க, ஒரு கலர் வாங்கிட்டு வாங்கப்பா'ன்னு ஆளை அனுப்புதான். வந்துச்சு. இதே திராட்சைக் கலர். உறிஞ்சுகுழல் போட்டு. அசலூர்ல இருந்து வாரவனுக்குத்தான் டீச்சர் கலர் வாங்கிக் குடுப்பாக. அக்காவுக்கு எவனாவது கலர் வாங்குவானா?"

"குடிச்சீங்களா?"

"தொடலை. அதுல கேஸ் போறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சு வந்துட்டேன்."

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள்.

சட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. கறுப்பாக, தேன் மாதிரி. ஸ்பூன் நுனியில் தொட்டு, ஊதி, வடிவிடம் நீட்டினாள்.

வடிவு நக்கிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"கலரு," என்றாள். "ஒரு பாட்டிலும் இதுக்குள்ளதான் இருக்கு."

"கேஸ்?"

வடிவு ஸ்பூனைக் கீழே வைத்தாள். சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். கடைசி வெண்ணெயை ஜெசிந்தா சர்க்கரைப் பொடி போட்டு வெள்ளையாக அடித்து வைத்திருந்தாள். அந்தக் கிண்ணத்துக்கு மேலே வடிவு சட்டியைச் சாய்க்கப் போனாள்.

ஜெசிந்தா உள்ளங்கையை விரித்துக் கிண்ணத்தின்மேல் வைத்தாள்.

"கையை எடுங்க டீச்சர். நேரமாகுது."

"ஊத்துங்க."

"கொதிக்கக் கொதிக்க இருக்கு. கை வெந்துரும்."

"வெண்ணெய் மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?"

வடிவு சட்டியைக் கீழே வைத்தாள்.

இருவரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார்கள். வடிவு அடிக்கடி எழுந்துபோய்ச் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். தொடும்போதெல்லாம் தம்பியை ஒரு வார்த்தை திட்டிவிட்டு வந்தாள்.

கடைசியில், "ஆறிருச்சு," என்றாள். "சட்டிதான் ஆறியிருக்கு. நான் ஆறலை."

"உங்களை யாரு ஆறச் சொன்னா?"

ஜெசிந்தா வெள்ளைக் க்ரீமில் கொஞ்சத்தை வழித்து ஒரு காகிதக் கோனில் தனியாக வைத்தாள். மீதியில் கறுத்த பாகை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, க்ரீம் அடிக்கும் பீட்டரை ஓட்டினாள். திரியவில்லை. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் க்ரீம் எழும்பி நின்றது.

வடிவு விரலில் எடுத்துத் தின்றாள். மறுபடியும் எடுத்தாள்.

"சனியன் பிடிச்சவன்," என்றாள். "அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

கேக்கின்மேல் க்ரீமைப் பூசி முடித்தார்கள்.

"மேல என்ன எழுதணும்?" என்றாள் ஜெசிந்தா.

வடிவு அதை யோசித்து வைத்திருந்தாள்.

"'பதவி உயர்வு பெற்ற திரு. சங்கரவேல் அவர்களுக்கு வாழ்த்துகள், இப்படிக்கு ஊர்க்காரங்க'ன்னு எழுதுங்க. ஒரு எழுத்து விடாம எழுதுங்க. ஆபீஸ் ஆளுக முன்னால அவன் அதைப் படிக்கணும்."

ஜெசிந்தா வெள்ளைக் கோனின் நுனியைக் கத்தரித்து வடிவின் கையில் வைத்தாள்.

"எனக்கு எழுத வராதுன்னு சொன்னேனே."

"அஞ்சாப்பு வரைக்கும் போனீங்கள்ல."

வடிவு கோனைத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா க்ரீம்? நான் சொன்னதுல கால்வாசிக்குக் கூடக் காணாது."

"காணுற அளவுக்கு எழுதுங்க."

வடிவு கேக்கைச் சுற்றி வந்தாள். நின்றாள். மறுபடியும் சுற்றி வந்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

முதல் எழுத்தின் சுழிக்கே பாதிக் க்ரீம் போய்விட்டது. இரண்டாவது எழுத்துக்குப் புள்ளி வைத்தாள். மூன்றாவது எழுத்தின் காலோடு கோன் வற்றிப்போனது.

அக்கா.

ஜெசிந்தா படித்தாள்.

"வாழ்த்தைக் காணோம். அவர் பேரையும் காணோம்."

"இல்லை."

"ஆபீஸ் ஆளுக பாத்துட்டு, இது யாரு அக்கான்னு உங்க தம்பிகிட்டத்தான் கேப்பாங்க."

வடிவு கேக்கைப் பெட்டிக்குள் இறக்கி மூடினாள்.

"கேக்கட்டும். நான் அவன் பக்கத்துலதான் நிப்பேன்."