மதகைத் திறக்க யாருக்கு உரிமை?

ஒரு காலத்தில் வெண்குன்றம் என்கிற ராஜ்யத்தை விக்கிரமநம்பி என்கிற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவார். அவருக்குக் கீழே மேட்டுநாடு, பள்ளநாடு என்று பல நாடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. ஏரியில் மதகை எப்போது திறப்பது, சந்தை எங்கே கூடுவது என்பதையெல்லாம் அந்தந்தச் சபையே தீர்மானித்துக்கொள்ளும்.

இது பிரதானி பல்லவதரையருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் ராஜாவிடம் சொன்னார்: "மகாராஜா, மதகைத் திறக்கிறவன் கையில்தான் நாடு இருக்கிறது. தண்ணீர் அவர்களுடையது என்றால் தங்களுடையது என்ன, வெறும் கிரீடமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி என் உத்தரவில்லாமல் எந்த மதகும் திறக்கக்கூடாது" என்றார்.

அமைச்சர் கூத்தபிரான் எழுந்தார். "மகாராஜா, மழை உத்தரவுக்குக் காத்திருக்காதே."

"உமக்குச் சபைக்காரர்கள் மேல் பாசம் அதிகம்" என்றார் பிரதானி. "மகாராஜா, வாய்வார்த்தை போதாது. முத்திரையிட்ட ஓலை வந்தால்தான் திறக்க வேண்டும். முத்திரையை நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்."

"ராஜாவே நேரில் வந்து வாயால் சொன்னால்?" என்று கேட்டார் கூத்தபிரான்.

"அப்போதும் ஓலை வேண்டும்" என்றார் பிரதானி.

"அப்படியே எழுதிவிடுங்கள்" என்றார் அமைச்சர். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை.

ஐப்பசி வந்தது. மேட்டுநாட்டில் ஏகாம்பரன் என்பவன், வயலில் மழைநீர் தேங்கிப் பயிர் அழுகுகிறதே என்று, அது வடிய ஒரு சின்ன வடிகால் மதகைத் திறந்துவிட்டான். அவனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சபைத் தலைவி நல்லமங்கை அவனுடைய அக்காள். ஓலை கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினாள். "பார்க்கலாம்" என்று பிரதானி திருப்பி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் கூத்தபிரான் ராஜாவிடம் போனார். "மேட்டுநாட்டுப் பெரிய ஏரிக்குப் பறவைகள் வந்து இறங்கியிருக்கின்றனவாம். தாங்கள் பார்க்க வேண்டிய காட்சி. பிரதானியும் வரட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும், கிளம்பிவிட்டார். ஏரிக்குக் கீழே மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. மத்தியானத்துக்குள் ஏரி விளிம்பு தட்டியது. கரையில் ஓரிடத்தில் நீர் கசிந்து, கூடாரத்துக்குள் கணுக்காலளவு நின்றது.

ராஜா கரைமேல் ஏறினார். அங்கே நல்லமங்கை ஊராருடன் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மதகைத் திறக்காமல் நிற்கிறீர்கள்?" என்றார் ராஜா.

"ஓலை வரவில்லை, மகாராஜா."

"நானே வந்திருக்கிறேன். திற."

அவள் கும்பிட்டாள், ஆனால் அசையவில்லை. "தாங்களே வந்து சொன்னாலும் ஓலை வேண்டும் என்று தங்கள் உத்தரவிலேயே இருக்கிறது. ஓலையில்லாமல் திறந்த என் தம்பி தங்கள் சிறையில்தான் இருக்கிறான். சின்ன மதகுக்கே சிறை என்றால், இந்தப் பெரிய மதகைத் திறந்தால் கையையே வெட்டுவீர்களோ என்று இவர்கள் பயப்படுகிறார்கள்."

ராஜா பிரதானியைப் பார்த்தார். "முத்திரை எங்கே?"

"அரண்மனையில், பெட்டிக்குள்" என்றார் பிரதானி. அவர் முகம் வெளுத்திருந்தது.

"குதிரையில் போய்த் திரும்ப?"

"நாளை சாயங்காலம் ஆகும்."

ராஜா கசிவைப் பார்த்தார், கீழே தெரிந்த ஊரைப் பார்த்தார். "அந்த உத்தரவு இந்த நிமிஷத்தோடு செத்தது. அம்மா, இது உங்கள் ஏரி. உங்கள் சபை என்ன நினைக்கிறதோ அதைச் செய்யுங்கள். உன் தம்பி இன்றே விடுதலை."

மதகு திறந்தது. ஆனால் கசிவு குறையவில்லை. பள்ளநாட்டு எல்லையில் வாய்க்காலை மறித்துக் கதவு போட்டிருந்தார்கள். தண்ணீர் எதிர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அந்தக் கதவையும் திற" என்றார் ராஜா.

"அது எங்கள் நாட்டில் இல்லை, மகாராஜா. அங்கே என் சொல் செல்லாது. பள்ளநாட்டுத் தலைவர் பொன்பற்றி தம் நாற்றங்கால் முழுகும் என்று திறக்க மறுக்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை."

கூத்தபிரான் மெதுவாகச் சொன்னார்: "இது தங்கள் வேலை."

ராஜா நனைந்தபடியே குதிரையேறி எல்லைக்குப் போனார். பொன்பற்றி கதவருகே நின்றிருந்தார்.

"மேட்டுநாட்டார் கேட்டால் திறக்கமாட்டீர். சரி. இரண்டு நாட்டுக்கும் ராஜாவான நான் கேட்கிறேன். முழுகுகிற நாற்றுக்கு அரண்மனை வயலிலிருந்து நாற்று தருகிறேன்."

பொன்பற்றி சற்று யோசித்தார். "தாங்கள் பொறுப்பேற்றால் சரி" என்று கதவைத் தூக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் கரையில் கசிவு நின்றது.

திரும்பும் வழியில் ராஜா அமைச்சரைக் கேட்டார்: "பறவை பார்க்க என்று சொல்லித்தானே கூட்டிவந்தீர். கரை உடைந்திருந்தால்?"

"தாழ்ந்த ஊர்களில் இருந்தவர்களை நேற்றே மேட்டுக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். தாழ்வில் மிச்சம் இருந்தது நம் கூடாரம் மட்டும்தான்."

ராஜா சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். "சொல்லும். எதை எனக்கு வைப்பது, எதை அவர்களுக்கு விடுவது?"

"ஒரு நாட்டுக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிகிற காரியம் அந்தச் சபைக்கு. எல்லை தாண்டுகிற ஆறு, பெருவழி, படை, நாணயம் தங்களுக்கு. எது யாருடையது என்று சண்டை வந்தால் தாங்களும் தீர்ப்புச் சொல்லக்கூடாது, சபையும் சொல்லக்கூடாது. இருவருக்கும் பொதுவான நடுவர்கள் சொல்லட்டும்."

"என் மேலேயே தீர்ப்புச் சொல்வார்களா?"

"சொன்னால்தான் நாடுகள் நம்பும், மகாராஜா."

ராஜா குதிரையை நிறுத்தி ஏரிக்கரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

அதைக் கல்லில் வெட்டி ஒவ்வொரு நாட்டிலும் நட்டார்கள். பிரதானி பதவியை இழந்தார். மழைக்காலம் முடியும்வரை ஏரிக்கரைக்குக் கீழே குடிசை போட்டுக் குடியிருக்க வேண்டும், மதகு விஷயத்தில் நல்லமங்கை சொல்கிறபடி நடக்க வேண்டும் என்று ராஜா விதித்தார். முதல் தடவை இடி இடித்தபோதே பல்லவதரையர் கரையேறி வந்து, "சபை எப்போது கூடும், அம்மா?" என்று கேட்டாராம்.

அதன்பிறகு வெண்குன்றத்தில் சண்டையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒரு வழக்காவது நடுவர்களிடம் போயிற்று. இரண்டு வழக்கில் ராஜாவே தோற்றார். தோற்ற அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.