கடல் பின்வாங்குவதுபோல்

இது நான் நேரில் பார்த்ததல்ல. குன்றிலிருக்கும் குடிலுக்கு அரிசி கொண்டுபோகிறவர் என் அத்தையிடம் சொல்லி, அத்தை எனக்குச் சொன்னது. ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம்.

கடற்கரைக் குப்பம் ஒன்றைப் பேரலை வாரிக்கொண்டுபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மிஞ்சியவர்கள் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். படகைத் தொடுவாரில்லை. பிள்ளைகள் சிரித்தால்கூடப் பெரியவர்கள் அதட்டினார்கள். பக்கத்துக் குன்றில் இருந்த குரு, சீடர் மாசிலாமணியை அவர்களிடம் அனுப்பினார்.

மாசிலாமணி எல்லாரையும் உட்காரவைத்து, மூச்சுப் பயிற்சி என்றார்.

"மூச்சா? அது எங்களுக்கு அத்துப்படி சாமி," என்றார் தேசிங்கு என்ற கிழவர். "தண்ணிக்குள்ள அடக்குனவங்கதான் இங்க உக்காந்திருக்கோம்."

சிலர் சிரித்தார்கள். மாசிலாமணிக்குத் தெம்பு வந்தது. குன்றில் தினமும் சொல்கிற வாசகத்தையே சொன்னார்.

"கண்ணை மூடுங்கள். கடல் பின்வாங்குவதுபோல் மூச்சை உள்ளே இழுங்கள்."

பேரலை வந்த அன்றைக்கும் கடல் முதலில் பின்வாங்கித்தான் இருந்தது. வெறும் மணலில் துள்ளிய மீனைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடியிருந்தார்கள்.

யாரோ வீறிட்டார்கள். கொட்டகையே எழுந்து ஓடியது. தேசிங்கு மிதிபட்டு இடுப்பெலும்பு முறிந்தது.

மாசிலாமணி குன்றேறினார்.

"முதலில் ஓடியது யார்?" என்றார் குரு.

"பவுனம்மா. ஒரே மகளைப் பறிகொடுத்தவள். இடுப்பில் பிள்ளை இருப்பதுபோல் கையை வளைத்துக்கொண்டே ஓடினாள் ஐயா."



"நாளைக்கும் போ," என்றார் குரு.

"எதைச் சொல்லிக்கொடுப்பேன்?"

"ஒன்றும் வேண்டாம். அவர்கள் ஓடினால் கூடவே ஓடு."

"என்னைக் கண்டாலே மிரளுகிறார்கள் ஐயா. நீங்கள் ஒரு தடவை இறங்கி வாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அடங்குவார்கள். அவள் கையாவது கீழே இறங்கும்."

குரு எழுந்தார். படி தொடங்கும் இடம்வரை நடந்தார். முதல் படியில் ஒரு காலை வைத்தார். கீழே அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

காலை எடுத்துக்கொண்டார்.

"அவர்களுக்கு எப்போது சரியாகும் ஐயா?"

"பழைய புயலில் நானும் ஓடினேன் மாசிலாமணி. ஓடி இந்தக் குன்றில் ஏறினேன். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் அதைத் துறவு என்கிறீர்கள்."

மாசிலாமணி மட்டும் படியிறங்கினார்.

போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். குரு இப்போது இல்லை. குடில் இருக்கிறது. மூன்று சுவரில் ஜன்னல் உண்டு. கடலைப் பார்த்த சுவரில் இல்லை.