அளவுச் சட்டை

"டீச்சர், எதைத் தச்சு அனுப்புனாலும் என் தங்கச்சிகிட்ட இருந்து ஒரு பதிலும் வரமாட்டேங்கு. பதில் வர்ற மாதிரி ஒரு சாமான் சொல்லிக் குடுங்களேன்."

உலகம்மாள் இப்படிக் கேட்டபோது மைமூன் டீச்சரின் வாயில் குண்டூசிகள் இருந்தன.

எப்போதும் இருக்கும். வெட்டிய துணியைச் சேர்த்துக் குத்துவதற்காக உதட்டில் வரிசையாக வைத்திருப்பார். பேச வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். குண்டூசியை எடுக்கிற அளவுக்குப் பெரிய கேள்வி இன்னும் யாரும் கேட்கவில்லை என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு.

டீச்சர் குண்டூசியை எடுக்கவில்லை. உலகம்மாளைப் பார்த்துவிட்டுத் துணிக்குத் திரும்பிவிட்டார்.

தென்காசியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில்தான் அந்த வகுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வருவார்கள். அங்கே ஒரே சட்டம். நூலும் ஊசியும் தவிர எதையும் கடையில் வாங்கிவரக் கூடாது. வீட்டில் கிடக்கிற பழசுதான். நைந்த சேலை தலையணை உறையாகும். கிழிந்த பேண்ட் காய்கறிப் பையாகும். ஒன்றுக்கும் ஆகாத துண்டுகளைப் பின்னிக் கால்மிதி செய்வார்கள். கல்யாண வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் அதையே அழகாய் மடித்துக் கொடுப்பார்கள்.

டீச்சருக்கு நாற்பது இருக்கும். உலகம்மாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. வயதைப் பார்த்தா ஞானம் வரும்? அப்படியென்றால் ஊரில் பாதிப் பேர் சித்தராகியிருக்க வேண்டும்.

உலகம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டு ஓய்வு பெற்றவள். தாய் செத்த பிறகு தங்கச்சி செண்பகத்தைத் தூக்கி வளர்த்து, கடையநல்லூரில் கட்டிக் கொடுத்தாள். தனக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டாள். மறந்தாளா, யாரும் ஞாபகப்படுத்தவில்லையா, அது போகட்டும்.

இப்போது வீட்டில் அவளோடு பேசுவது பல்லி மட்டும்தான். அது உச்சுக்கொட்டினால், "ஆமாமா, நீ சொன்னாச் சரிதான்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி அரிசியை உலையில் போடுவாள். அதிலும் பாதி மிஞ்சும்.

*

அக்காவும் தங்கச்சியும் பிரிந்த கதை சின்னக் கதை.

செண்பகம் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். பால் பொங்குகிற நேரம் உலகம்மாள் ஆசையாய் முன்னால் போய் நின்றாள். செண்பகத்தின் புருஷன், "மதினி, நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க. கல்யாணம் ஆனவுக முன்னால வரட்டும்" என்றான்.

செண்பகத்தின் காதில் அது விழுந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

உலகம்மாள் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

வருஷங்கள் போயின. போன ஐப்பசியில் செண்பகத்தின் புருஷன் இறந்துபோனான். தகவல் வந்தது. உலகம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். பிறகு, "பின்னால நிக்கதுக்கு நான் எதுக்கு?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் போகாவிட்டால் சமாதானம் சொல்லலாம். துஷ்டிக்குப் போகாவிட்டால் எதைச் சொல்ல? அதிலும் புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு புதுச்சேலை வந்தாக வேண்டும். செண்பகத்துக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. பிறந்த வீடு என்றால் உலகம்மாள்தான். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சேலையை எடுத்துவந்து போர்த்தினாளாம்.

இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் உலகம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. தையல் வகுப்புக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான்.

*

முதலில் தலையணை உறை அனுப்பினாள். ஓரத்தில் கொடிப்பூ எல்லாம் போட்டு.

பதில் இல்லை.

அப்புறம் ஒரு பை. அதற்கு அப்புறம், சூடான சட்டியை இறக்குவதற்கு ஒரு ஜோடி மெத்தைத் துணி. அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறவள்.

பதில் இல்லை.

ஒருநாள் டீச்சரே குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டார். "எப்படி அனுப்புதீங்கக்கா?"

"கொரியர்ல."

"கடையநல்லூருக்கா?"

"ஆமா."

கீழே ரோட்டில் பஸ் வந்து நின்றது. "கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர்! ஏறு, ஏறு!" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார். மாடி ஜன்னல் அதிர்ந்தது.

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

உலகம்மாளுக்குப் புரியாமலில்லை. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

*

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். பையும் உறையும் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். உடம்புக்கு, சேலைக்குப் போடுகிற சட்டை தைத்துக் கொடுப்போம். போட்டுப் பார்த்தால் மனசு இளகாதா?

தன்னுடைய நல்ல நூல்சேலை ஒன்றைத் துணிந்து வெட்டினாள். பெட்டியைக் குடைந்து செண்பகத்தின் பழைய சட்டை ஒன்றை எடுத்தாள். தையற்காரரிடம் போகும்போது, இதே மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பழசைக் கொடுப்போமே, அந்த அளவுச் சட்டை. கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போனது. அதை விரித்து வைத்து, அதன் மேலேயே குறித்து, வெட்டி, தைத்து முடித்தாள். கைத்தையல்தான். ஒரு தையல் கோணலில்லை.

டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

டீச்சர் குண்டூசி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். வகுப்பே நிமிர்ந்து பார்த்தது.

"ரொம்ப நல்லா வந்துருக்குக்கா. யாருக்கு?"

"செண்பகத்துக்குத்தான்."

"எந்தச் செண்பகத்துக்கு?"

"எனக்கு எத்தனை தங்கச்சி இருக்கா? ஒருத்திதான்!"

டீச்சர் அளவுச் சட்டையைக் கையில் எடுத்தார். "இது எப்ப போட்டது?"

"கல்யாணத்துக்கு முந்தி."

டீச்சர் தன் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றி உலகம்மாளின் கழுத்தில் போட்டார்.

உலகம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அவ வாசல்ல போயி நான் நிக்கணுமா? பெரியவ நானு! பின்னால நில்லுன்னு சொன்ன வீடு டீச்சர் அது!"

டீச்சர் அடுத்த ஆளின் துணியைப் பார்க்கப் போய்விட்டார்.

*

அன்று ராத்திரி உலகம்மாள் பல்லியிடம் நியாயம் கேட்டாள். "நான் செஞ்சது தப்புன்னா, அவ அன்னைக்கு வாயை மூடிட்டு நின்னது மட்டும் சரியா? சொல்லு." பல்லி வாயைத் திறக்கவில்லை. அதுவும் அந்தக் கட்சியோ என்னவோ.

அடுத்த வகுப்பில் டேப்பைச் சுருட்டி டீச்சரின் மேஜையில் வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாம். வேற ஏதாவது சொல்லிக் குடுங்க. கால்மிதி பின்னுதேன், கண்ணாடிக்கு உறை தைக்கேன். எது வேணும்னாலும் செய்யுதேன்."

டீச்சர் அவளுடைய சட்டையின் தோளைப் பார்த்தார். அது நழுவிக் கிடந்தது.

"அக்கா, ஒங்களுக்குக் கடைசியா அளவெடுத்தது யாரு?"

"எனக்கு எதுக்கு அளவு? பழசை வச்சுத்தான் தைக்கேன்."

"கடைசியா எடுத்தது யாரு?"

உலகம்மாள் யோசித்தாள்.

முதலில் பெயர்தான் ஞாபகம் வரவில்லை என்று நினைத்தாள். அப்புறம் வருஷம் ஞாபகம் வரவில்லை என்று நினைத்தாள். அப்படியே நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் வந்து, கையைத் தூக்கு என்று சொல்லி, தன் உடம்பைத் தொட்ட ஒரு ஆளை அவளால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, இத்தனை பெண்களுக்கு நடுவில்.

கீழே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்தினார்.

உலகம்மாள் மேஜையிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

செண்பகம்தான் கதவைத் திறந்தாள்.

வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். உலகம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

வீட்டில் வேறு யாருமில்லை. மகன் வேலைக்கென்று மெட்ராஸ் போய்விட்டானாம், அதைக்கூட ஊரார் சொல்லித்தான் உலகம்மாளுக்குத் தெரியும். சுவரில் செண்பகத்தின் புருஷன் படம். பீரோவுக்கு மேலே, ஒன்றின்மேல் ஒன்றாக, கொரியர் பொட்டலங்கள். ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"பிரிக்கவே இல்லியாட்டி?"

"இல்ல."

"உள்ள என்ன இருக்குன்னுகூட பாக்கலியா?"

"நீ இல்லன்னு தெரியும்லா. பொறவு என்னத்தப் பாக்க?"

சேலை, கோடி, சடங்கு என்று என்னென்னவோ சமாதானம் உலகம்மாள் பஸ்ஸில் வரும்போது கட்டிவைத்திருந்தாள். எல்லாம் பஸ்ஸோடு போய்விட்டது.

செண்பகம் சொன்னாள். "அவரு போன அன்னைக்கு நீ வரல."

"வரல."

"எல்லாரும், அக்கா வந்துட்டு இருப்பா, அக்கா வந்துட்டு இருப்பான்னாங்க. நானும் ஆமான்னேன்."

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

செண்பகமே தொடர்ந்தாள். "பால் பொங்குன அன்னைக்கு நானும் பேசாமத்தான நின்னேன். உன்னைப் பின்னால போகச் சொன்னப்ப."

"நின்ன."

"பேசியிருக்கணும்."

"நானும் வந்திருக்கணும்ட்டி."

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப எதுக்கு வந்த?"

"அளவெடுக்க."

"என்னது?"

உலகம்மாள் டேப்பைப் பிரித்தாள். "சட்டை தைக்கணும். உன் அளவு என்கிட்ட இல்ல."

செண்பகம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இது என்ன கூத்து என்பது மாதிரி முகம். திட்டப் போகிறாள் என்றுதான் உலகம்மாள் நினைத்தாள்.

செண்பகம் நடுவீட்டுக்கு வந்து நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

உலகம்மாள் அவளைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனாள். முதுகுக்குப் பின்னால் டேப்பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கிட்டே போயாக வேண்டும். போனாள். எலும்பு கையில் இடித்தது. டேப்பை முன்னால் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் நினைத்த அளவுக்கு வெகுவாகக் குறைவான இடத்திலேயே முனை சேர்ந்தது.

"அட பாவி மகளே! எங்கட்டி போன நீ?"

செண்பகத்தின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. கையை இறக்கவில்லை.

உலகம்மாள் டேப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். கறுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து நீந்தின.

"எத்தனக்கா?"

"தெரியலட்டி. கண்ணு மறைக்கி."

செண்பகம் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள்.

"அப்ப இன்னொருக்க எடு."