பாதி ஏரியில் தீர்ந்த மூச்சு

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு மேலே ஒரு பருந்தும் இருந்தது. பிள்ளைகளே, அந்தப் பருந்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் மறக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

ஏரியின் மேற்குக் கரையில்தான் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். கோடை வந்தால் அந்தப் பக்கம் நீர் சுருங்கிவிடும். மீனெல்லாம் கிழக்குக் கரைக் கோரைக்குள் போய்விடும். பறக்கத் தெரியாத குஞ்சுகளும் அங்கே போயாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டினிதான். நடுவிலோ வெட்டவெளி நீர். தலையை வெளியே நீட்டினால் பருந்து வந்துவிடும். அதனால் ஒரே மூச்சில், நீருக்கு அடியிலேயே அக்கரை சேர வேண்டும். "இரவில் போகலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். இரவில் ஆந்தை இருக்கிறதே, கரையோரம் நடந்து போனால் நரி இருக்கிறதே, என்ன செய்வது!

குஞ்சுகளுக்கு முங்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு நீர்நாய் இருந்தது. எல்லாரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரர், அதில் பொய் சொல்லக் கூடாது. குஞ்சுகள் மேல் உயிரையே வைத்திருந்தார். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். கரையோரம் மனிதர்கள் விட்டுப்போன கரிமூட்டம் ஒன்று அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. முங்கி எழுந்ததும் வாத்தியார் நேரே அங்கே போவார். காட்டுப் புகையிலையைச் சுருட்டுவார். கங்கில் பற்றவைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். பிறகு லொக்கு லொக்கென்று இருமுவார்.

மூச்சை அடக்கக் கற்றுத்தருகிறவர் தன் மூச்சையே கொளுத்துகிறார்! கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

ஒரு நாள் முக்குளிப்பான் பறவை அம்மா ஒருத்தி தன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குஞ்சின் பெயர் குமிழி.

"வாத்தியாரே, இவளுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் நானேதான் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் நடுஏரியில் போய்விட்டார்கள். இனி எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். இவளை எப்படியாவது அக்கரை சேர்த்துவிடுங்கள்" என்றாள்.

"கவலையை விடு அம்மா. இவள் என் பொறுப்பு."

அம்மா போகாமல் தயங்கி நின்றாள். "ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்தப் புகை..."

"புகை என் நெஞ்சுக்குள் போகிறது. உன் பிள்ளைக்குள் பாடம்தானே போகிறது? இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறாய்?" என்று வாத்தியார் சிரித்தார். அம்மாவும் பாவம், சிரித்துவைத்தாள். வேறு வாத்தியாருக்கு அவள் எங்கே போவாள்?

பாடம் தொடங்கியது. குமிழியோடு தத்தன் என்ற வாத்துக் குஞ்சும் சேர்ந்துகொண்டது.

"நன்றாகக் கேளுங்கள். நீருக்கு அடியில் பேச்சே கிடையாது. வாயைத் திறந்தால் தண்ணீர் போய்விடும். அதனால் காதை மூடிக்கொள்ளுங்கள், கண்ணைத் திறந்துவையுங்கள். நான் என்ன செய்கிறேனோ அதையே செய்யுங்கள். நான் திரும்பினால் திரும்புங்கள். நான் எழுந்தால் எழுங்கள். ஏன் என்று யோசிக்கக் கூடாது. யோசிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும்" என்றார் வாத்தியார்.

நல்ல பாடம்தான். முங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

குமிழி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாத்தியார் முங்கும் முன் இடது காதைச் சொறிவார்; குமிழியும் சொறிவாள். வாத்தியார் வாலை ஆட்டுவார். இவள் இல்லாத வாலை ஆட்டுவாள். "அடி சமர்த்தே!" என்று வாத்தியார் பூரித்துப்போவார்.

ஆனால் புகை சும்மா இருக்குமா? வர வர வாத்தியாருக்கு மூச்சு எட்டவில்லை. பாடத்துக்காகப் பாதி ஏரி வரை போய்த் திரும்புவார்கள்; அந்தப் பாதி தூரத்திலேயே அவருக்கு நெஞ்சு முட்டியது. வெளியே சொல்ல வெட்கம். நடுஏரியில், அந்த வெட்டவெளிக்குள், ஒரே ஒரு தாமரைக் கூட்டம் மட்டும் இருந்தது. அதன் இலைக்கு அடியில் மூக்கை மட்டும் நீட்டி, யாருக்கும் தெரியாமல் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார். பருந்துக்குத் தெரியாதுதான். ஆனால் பின்னால் வந்த குஞ்சுகளுக்கு எல்லாம் தெரிந்தது. இதுவும் பாடம் போலிருக்கிறது என்று அவர்களும் இலைக்கு அடியில் மூக்கை நீட்டப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை வாத்தியார் கரிமூட்டத்துக்குப் போனார். அங்கே குமிழியும் தத்தனும் அலகில் ஆளுக்கொரு சுருட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அடப் பாவிகளா! என்ன இது?"

"பாடம் ஐயா" என்றாள் குமிழி.

"புகைக்கக் கூடாது என்று உங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீர்கள் ஐயா. காதை மூடிக்கொள், கண்ணைத் திறந்துவை என்றும் சொன்னீர்கள். நாங்கள் காதை மூடிக்கொண்டோம்." சொல்லிவிட்டு அவள் இருமினாள். அச்சு அசல் வாத்தியாரின் இருமல்.

அந்த நிமிடமே அவர் அந்த மூட்டத்தில் தண்ணீரை வாரி இறைத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே ஓர் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது! அவரோ, "வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை" என்று சிரித்தார். "சரி, நாளையிலிருந்து நானும் விடுகிறேன், நீங்களும் விடுங்கள்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, பிள்ளைகளே.

கோடை முற்றியது. மேற்குக் கரையில் மீன் தீர்ந்தது. முக்குளிப்பான் அம்மா முதலில் அக்கரை போய்க் கோரைக்குள் காத்திருந்தாள். குமிழி அவள் பின்னால் வர வேண்டிய நாள் வந்தது.

வாத்தியாருக்கு மனம் படபடத்தது. படபடப்பு அடங்க ஒரு சுருட்டு இழுத்தார். குமிழிக்கும் படபடத்தது. அவளும் ஒன்று இழுத்தாள். தத்தன் தன் முறைக்காகக் கரையில் நின்றான்.

"என் பின்னாலேயே வா. பயப்படாதே."

"நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன பயம் ஐயா?" என்றாள் குமிழி.

இருவரும் இடது காதைச் சொறிந்துவிட்டு முங்கினார்கள்.

பாதி ஏரி வந்தது. வாத்தியாருக்கு நெஞ்சு முட்டியது. தாமரையைத் தேடினார். தாமரை எங்கே? முந்தின இரவு ஒரு காட்டெருமைக் கூட்டம் ஏரிக்குள் இறங்கி, இலை, கொடி எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. ஓர் இலைகூட மிச்சமில்லை. மேலே வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது.

அவர் இன்னும் கொஞ்ச தூரம் போகப் பார்த்தார். நெஞ்சு எரிந்தது, கண் இருட்டியது. முடியவில்லை. வெட்டவெளியில் தலையை நீட்டி "ஹா" என்று மூச்சை இழுத்தார். கூடவே இருமல் பிடித்துக்கொண்டது.

குமிழிக்கு மூச்சு மிச்சம் இருந்ததா, அவளால் அக்கரை போயிருக்க முடியுமா? அது யாருக்கும் தெரியாது. வாத்தியார் எழுந்தார், அவளும் எழுந்தாள். வாத்தியார் இருமினார், அவளும் இருமினாள்.

பருந்தின் நிழல் நீரில் விழுந்தது.

"முங்கு, குமிழி! முங்கு!" என்று கத்தினார் வாத்தியார். ஆனால் அவரால் முங்க முடியவில்லை, இருமிக்கொண்டே மிதந்தார். குமிழி அவர் முகத்தையே பார்த்தாள். வாத்தியார் முங்கட்டும், முங்கலாம் என்று காத்திருந்தாள். காதைத்தான் மூடிக்கொண்டாளே!

நீர்நாயைத் தூக்கப் பருந்துக்குப் பலம் இல்லை. குஞ்சைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும்?

வாத்தியார் தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்தார். கோரைக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள். நீரைப் பார்த்தாள். வானத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

"என் பிள்ளை எங்கே, வாத்தியாரே?"

"அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா" என்று வாத்தியார் அழுதார். "நான் செய்ததை எல்லாம் அப்படியே செய்தாள். ஒன்றைக்கூட விடவில்லை."

அம்மா அவரைத் திட்டவில்லை. கோரைக்குள் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் வாத்தியார் கரையோரமாக நடந்தே மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தார். கால்கள் தாமாகவே அவரைக் கரிமூட்டத்துக்குக் கொண்டுபோயின. ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். இழுத்தார். அழுதார்.

பக்கத்தில் சருகு சலசலத்தது. திரும்பிப் பார்த்தார். தத்தன் உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் நீர். அழுதுகொண்டே ஓர் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வேண்டாமடா கண்ணா" என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

தத்தனும் இருமினான்.

நீதி: கற்றுத்தருகிறவர் சொல்லித் தடுப்பதைப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், அவர் செய்வதைத்தான் செய்வார்கள்.